மங்குஸ்தான் நிறப் பொன்னாடை

கொழும்பு வெள்ளவத்தையில் பொன்னாடைக்குச் சாவே கிடையாது. யாரோ ஒரு புண்ணியவான் முதலில் கடையில் காசு கொடுத்து வாங்குவான், அதோடு சரி. அதன்பிறகு அது தோளுக்குத் தோள் தாவும். இன்று போர்த்தப்பட்டவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மடித்து அலுமாரியில் வைத்து, அடுத்த கூட்டத்தில் இன்னொருவருக்குப் போர்த்துவார். அவர் அதற்கடுத்த கூட்டத்தில் வேறொருவருக்கு. தான் போர்த்திய பொன்னாடையே தன் தோளுக்குத் திரும்பி வந்ததைக் கண்டவர்களும் இருக்கிறார்கள். கண்டாலும் வாய் திறக்கமாட்டார்கள். போர்த்தினால் மறுக்கக்கூடாது, கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவும் கூடாது. இவ்வளவுதான் சட்டம். அன்னபாக்கியத்தைக் கேட்டால், இது சட்டமில்லை, பட்டப்பகல் கொள்ளை என்பாள்.

அவள் வயிறெரிவதற்குக் காரணம் இருக்கிறது. மெல்பேர்னில் இருக்கும் மகள் ஹம்சிகா, அப்பா அம்மாவுக்கு ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்று தாய்லாந்தில் ஹுவா ஹின் என்ற கடற்கரை ஊருக்கு டிக்கெட் போட்டு அனுப்பினாள். அன்னபாக்கியத்தின் கணவர் தில்லைநாதன், ரயில்வேயில் நேர அட்டவணை போடும் பகுதியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் உலகமெல்லாம் கடலில் குளிக்கப் போக, மனிதர் ஸ்டேஷனைப் பார்க்கப் போனார். அந்தக் காலத்தில் ராசா வந்து ரயிலுக்குக் காத்திருந்த மண்டபம் ஒன்று, மரத்தில் செய்து சாயம் பூசி, இன்னும் அங்கே நிற்கிறது. அதற்கு முன்னால் நல்லூர்க் கந்தன் வாசலில் நிற்பதுபோல் கைகட்டி நின்றார். ஒரு நாள் அல்ல, போன நாளெல்லாம் நின்றார். அன்னபாக்கியம் அன்னாசியும் மங்குஸ்தானும் வாங்கிக்கொண்டு, பக்கத்து மரவாங்கில் தனியே அமர்ந்து தின்றாள்.

ஒரேயொரு பின்னேரம் மட்டும் இரண்டு பேருமாகக் கடைத்தெருவுக்குப் போனார்கள். ஒரு பட்டுக்கடை வாசலில் ஒரு பெண் கொதிக்கிற பானையில் பட்டுக்கூடுகளைப் போட்டு, குச்சியால் கிளறி, கண்ணுக்குத் தெரியாத நூலை இழுத்து இழுத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். எந்த ஊர் என்று தில்லைநாதன் ஆங்கிலத்தில் கேட்டார். வடகிழக்கு என்றாள். "பார்த்தீரே பாக்கியம், எங்களைப்போல இவையும் வடக்கு கிழக்கு!" என்று அவருக்கு வந்த சந்தோசப் புளுகத்தைச் சொல்லி மாளாது. அந்தப் புளுகத்தோடு கடைக்குள் போனவர், யாரும் கேட்காமல், விலையும் பேசாமல், மங்குஸ்தான் தோல் நிறத்தில் ஒரு பட்டுத்துண்டை உருவி எடுத்து அவள் தோளில் வைத்துப் பார்த்தார்.

"இந்த நிறம் உமக்கு எடுப்பா இருக்கும்" என்றார்.

கலியாணம் கட்டின நாளிலிருந்து அந்த மனிதர் அவளுக்கென்று தானாக ஒரு கைக்குட்டைகூட எடுத்ததில்லை. "உமக்குப் பிடிச்சதை எடும்" என்று காசைக் கொடுத்துவிட்டு வெளியே நின்று பேப்பர் வாசிக்கிற பிறவி. அன்னபாக்கியம் அதைப் பையில் போடக்கூட விடவில்லை. அந்தச் சந்தோசத்தோடு கடற்கரையில் இருந்து பட்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருக்கையில், தில்லைநாதன் அந்த ஊருக்கு ரயில் வந்த கதையைச் சொல்லியபடி ஒரு மங்குஸ்தானைக் கையால் நசுக்கி உடைத்தார். தோலின் சாறு பட்டின் மூலையில் பட்டது. மங்குஸ்தான் கறை லேசில் போகிற கறையில்லை. அவள் கத்திய கத்தில் பக்கத்தில் படுத்திருந்த வெள்ளைக்காரன் எழும்பி இருந்தான்.

ஊர் திரும்பியதும் தில்லைநாதன் எழுதத் தொடங்கினார். வேறென்ன, ஹுவா ஹின்னின் வரலாறுதான். வடக்கே இருந்து நிலம் தேடி வந்த சனம் கரையில் குடியேறியது, பிறகு தண்டவாளம் வந்தது, தண்டவாளத்தின் பின்னால் ராசகுடும்பம் வந்தது, ரயில்வே ஹோட்டல் வந்தது, கோல்ஃப் திடல் வந்தது, 'கவலைக்குத் தூரம்' என்று பெயர் வைத்து ராசா மாளிகை கட்டியது, எல்லாவற்றையும் எழுதினார். டைப் அடித்தது அன்னபாக்கியம். ஒரு காலத்தில் கந்தோரில் டைப்பிஸ்டாக இருந்தவள் அவள். அவர் வெட்டி வெட்டித் திருத்த, அவளும் திரும்பத் திரும்ப அடித்து, கடைசியில் அந்த ஊரின் வரலாறு முழுவதும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம் ஆகிவிட்டது.

புத்தக வெளியீடு வீட்டுக்குப் பக்கத்து ஒழுங்கையில் இருந்த மண்டபத்தில் நடந்தது. ஊரின் மணம் வரவேண்டும் என்று தில்லைநாதன் நிறைகுடத்தின்மேல் தேங்காய்க்குப் பதிலாகத் தூரியான் பழம் ஒன்றை வைத்தார். மணமென்ன மணம், மங்கள விளக்கு ஏற்றுமுன்னரே முன்வரிசை முழுக்கச் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டது. வாசலில் நின்ற காவலாளி ஓடிவந்து, "மஹத்தயா, மே மொன கந்தக்த?" என்று, இதென்ன நாற்றம் என்று, சிங்களத்தில் கேட்டான். "பாரம்பரியம்" என்றார் தில்லைநாதன் தமிழில்.

அந்த நேரம் பார்த்துத்தான் சின்னராசா வந்திறங்கினார். கொட்டாஞ்சேனையில் பெரிய இரும்புக்கடைக்காரர், புரவலர். அழைப்பு அனுப்பினால் வராமலும் அனுப்பாவிட்டால் வந்தும் பழகியவர். வந்தவரை மேடையேற்றாமல் விட முடியுமா? ஏற்றினால் போர்த்தாமல் விட முடியுமா? இருந்த பொன்னாடையெல்லாம் பேச்சாளர்களுக்கு எண்ணி வைத்தவை. தில்லைநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். முன்வரிசையில் சந்தனக் கிண்ணத்தோடு இருந்த அன்னபாக்கியம், சற்று நேரத்தில் மேடையை நிமிர்ந்து பார்த்தாள். சின்னராசாவின் அகலமான தோளில் அவளுடைய மங்குஸ்தான் நிறப் பட்டு கிடந்தது.

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை இதுதான்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, சின்னராசாவுக்குப் போர்த்தினது எங்க கிடந்தது?"

"அதுவோ? அலுமாரியில சும்மா கிடந்தது. நல்ல காலம், மானம் தப்பிச்சுது."

சும்மா கிடந்ததாம்! அது நீங்கள் எனக்கு எடுத்துத் தந்தது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அதைச் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றால், பிறகு அந்தப் பட்டு என்னத்துக்கு? அவள் குசினிக்குள் போய்ச் சட்டி பானையோடு சண்டை பிடித்தாள். பட்டை எப்படியாவது திரும்ப எடுத்துவிடுவது என்று அன்றைக்கே முடிவும் கட்டினாள்.

இதற்கிடையில் ஊர் வேறொரு கூத்தில் இறங்கியிருந்தது. வெளியீட்டில் பேசிய சின்னராசா, யாழ்ப்பாணத்துக் காரைநகரில் பிறந்தவர், புத்தகத்தின் அட்டையைத் தவிர ஒன்றையும் பார்க்காதவர், ஹுவா ஹின் என்றால் கல்லுத்தலை என்று பொருள் என அட்டையில் இருந்ததைப் பிடித்துக்கொண்டார். "கல்லுக்கும் தலைக்கும் முடிச்சுப் போடுறது எங்கட காரைநகராரைத் தவிர வேற ஆர்? அந்த ஊருக்குக் கப்பலில போய் இறங்கினது எங்கட ஆக்கள்தான்!" என்று ஒரு போடு போட்டார். உடனே சபையில் இருந்து ஒருவர் எழும்பி, கப்பலோட்டிகள் என்றால் எங்கட வல்வெட்டித்துறை, வாயை மூடு என்றார். தூரியான் மணத்தில் ஏற்கெனவே தலை சுற்றிப்போயிருந்த சனம் இரண்டாகப் பிரிந்தது.

ஒரு மாதத்துக்குள் வெள்ளவத்தையில் 'ஹுவா ஹின் ஆய்வு வட்டம்' முளைத்தது. தலைவர் தில்லைநாதன். வல்வெட்டித்துறைக் கட்சி அவரைத் தூக்கிக் கதிரையில் வைத்தது. பாவம், அவர் கடலே இல்லாத கொக்குவில்காரர். பதிலுக்குக் கொட்டாஞ்சேனையில் 'ஹுவா ஹின் வரலாற்றுப் பேரவை' முளைத்தது, தலைவர் சின்னராசா. வட்டம் ஹுவா ஹின் தினம் கொண்டாடினால் பேரவை ஹுவா ஹின் வாரம் கொண்டாடியது. வட்டம் அன்னாசிக் கண்காட்சி வைத்தால் பேரவை ரம்புட்டான் தின்னும் போட்டி வைத்தது. ஒரு கூட்டத்தில் வாழ்த்துரைக்கு வந்த பிரமுகர், அமரர் ஹுவா ஹின் அவர்களுடன் தனக்கிருந்த நெருங்கிய பழக்கத்தைச் சொல்லிக் கண்கலங்கினார். கைதட்டினார்கள். தில்லைநாதனையும் அன்னபாக்கியத்தையும் தவிர அந்தக் கூட்டத்தில் ஒரு குஞ்சுகூட அந்த ஊர் மண்ணை மிதித்ததில்லை.

கூட்டம் பெருகினால் பொன்னாடையும் ஓடும். அன்னபாக்கியம் ஞாயிறு பேப்பரையும் போனையும் விரித்து வைத்துக்கொண்டு படங்களில் தோள்களைத் தேடினாள். முகம் யாருடையதாக இருந்தால் அவளுக்கென்ன? ஒரு நாள் பட்டு அகப்பட்டது. கொம்பனித்தெரு இஸ்ஸதீன் மாஸ்டரின் தோளில் இருந்தது. மாஸ்டர் இரண்டு ஊரும் இல்லாதவர், ஆகையால் இரண்டு கட்சிக்கும் நடுவர். இரண்டு பக்கமும் அவருக்குப் போர்த்தித் தள்ளியது.

அன்னபாக்கியம் வெள்ளவத்தைச் சந்தையில் மங்குஸ்தான் வாங்கிக்கொண்டு, சும்மா பார்க்க வந்தவள்போல் கொம்பனித்தெருவுக்குப் போனாள். மாஸ்டரின் மனைவி றமீலா அலுமாரியைத் திறந்து காட்டினாள். உள்ளே மஞ்சளும் பச்சையும் சரிகையுமாகப் பொன்னாடைகள் திணித்துக் கிடந்தன.

"பாருங்கோ அக்கா, மனிசருக்கு உடுப்பு வைக்க எடமில்ல. இதுக்குப் பதிலா நாலு சாரன் தந்தாலும் உடுக்கலாம்."

"மங்குஸ்தான் நிறத்தில ஒண்டு... பேப்பரில பார்த்தனான், வடிவா இருந்தது."

"அதா? அது நல்ல பட்டு. எனக்கே ஆசையா ஈந்திச்சி. போன கெழம சின்னராசா முதலாளிட பொறந்த நாளுக்கு இவர் கொண்டுபோய்ப் போர்த்திட்டார். இப்ப அங்கதான் ஈக்கும்."

புறப்பட்ட இடத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்பது சும்மாவா? ஓட்டோவில் திரும்பி வரும்போது அன்னபாக்கியம் யோசித்தாள். சின்னராசா வீட்டுக்குப் போய்க் கேட்க முடியாது. கேட்டால் வெள்ளவத்தைக்காரி கொடுத்ததைத் திருப்பிக் கேட்டாள் என்று கொழும்பே சிரிக்கும். ஒரு பொன்னாடை ஒரு தோளை விட்டு இறங்க ஒரே வழிதான் உண்டு. இன்னொரு தோளில் ஏறவேண்டும். அந்தத் தோள் அவளுடையதாக இருந்தால் என்ன?

அன்றைக்கே சின்னராசாவுக்குப் போன் எடுத்தாள்.

"நான் மிஸ்ஸிஸ் தில்லைநாதன் கதைக்கிறன். ஹுவா ஹின்னை நேரில கண்டவள். உங்கட பேரவையில வந்து பேசலாம் எண்டு நினைக்கிறன்."

எதிர்க்கட்சித் தலைவரின் சொந்தப் பெண்சாதி! சின்னராசாவுக்கு லொத்தர் விழுந்தமாதிரி.

"வாங்கோ அம்மா, வாங்கோ! உங்களுக்குப் பெரிய கௌரவம் செய்வம். ஒண்டு மட்டும், அந்த ஊரைக் கண்டுபிடிச்சது காரைநகரார் எண்டு ஒருக்கா அழுத்திச் சொல்லிவிடவேணும்."

"அது அங்க வந்து பார்ப்பம்" என்றாள்.

விசயத்தைக் கேட்ட தில்லைநாதன் பூமிக்கும் வானத்துக்குமாகக் குதித்தார். "உமக்கென்ன விசரே? மேடையில ஏறி என்னத்தைப் பேசப்போறீர்?" என்றார். "நீங்கள் எழுதினதைத்தான்" என்றாள். தடுக்க நினைத்தவருக்குப் பெண்சாதி பேசுகிற முதல் கூட்டத்துக்குப் போகாமல் இருக்கவும் முடியவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போனார். சின்னராசா அவரை வாசலிலேயே அடையாளம் கண்டு, கையைப் பிடித்து இழுத்து வந்து முன்வரிசையில் இருத்தினார். தலைவர் வந்திருக்கிறார் என்றதும் வட்டத்துக்காரர்களும் சண்டைக்கு ஆயத்தமாக வந்து பின்வரிசையை நிரப்பினார்கள்.

கொட்டாஞ்சேனை மண்டபத்தில் காலடி வைத்ததும் அன்னபாக்கியம் மேடையைத்தான் பார்த்தாள். தட்டத்தில் இரண்டு பொன்னாடை இருந்தன. ஒன்று பளபளவென்று மின்னும் மஞ்சள் நைலோன். அதன் பக்கத்தில் அவளுடைய பட்டு! தட்டத்துக்குப் பொறுப்பான நிஷாந்தி என்ற பெண்ணிடம் மெல்லப் போய், "பிள்ளை, எது ஆருக்கு?" என்று கேட்டாள்.

"மஞ்சள் உங்களுக்கு அன்ரி. மற்றது நன்றியுரை சொல்லுற ஜொனாதன் சேருக்கு."

அந்த ஜொனாதனுக்கு அடுத்த மாதம் கனடாவுக்குப் பயணம் என்று அறிவிப்பாளர் அப்போதுதான் ஒலிவாங்கியில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பட்டு கடல் தாண்டினால் அவ்வளவுதான், ரொறொன்ரோவில் இருக்கிற தோள்களை எந்தப் பிறவியில் எண்ணி முடிப்பது?

அந்தக் கலக்கத்தோடுதான் பேச எழும்பினாள். எழுதிக்கொண்டு போனது ஒன்றும் இல்லை. வாயைத் திறந்ததும் டைப் அடித்ததெல்லாம் தானாக வந்தது.

"கவலைக்குத் தூரம் எண்டு பேர் வைச்சு ஒரு ராசா அந்தக் கடற்கரையில மாளிகை கட்டினவர். ஆட்சி கைமாறுற செய்தி அந்த மாளிகையில அவர் இருக்கேக்கதான் வந்தது. வீட்டுக்கு என்ன பேர் வைச்சாலும் கவலை விலாசம் கேட்டு வரும். எங்களுக்குத் தெரியாததே?"

சின்னராசா கையைக் காட்டினார், விசயத்துக்கு வா என்று. பின்வரிசைக்காரர்கள் கதிரையின் நுனிக்கு வந்தார்கள்.

"அந்த ஊரைக் கண்டுபிடிச்சது ஆர் எண்டு கேக்கிறியள். என்ர மனிசன்ர புத்தகத்தில வடிவா இருக்கு, ஒருத்தரும் வாசிக்கேல்லை. விளைச்சல் நிலம் தேடி நடந்து வந்த ஆக்கள். கப்பலும் இல்லை, கொடியும் இல்லை. பசிச்ச ஆக்கள், அவ்வளவுதான்."

சின்னராசா துள்ளி எழும்பினார். "பசிச்ச ஆக்கள் எண்டால் காரைநகரார்தான்!" "அட, எங்களைவிடப் பசிச்சவன் ஆர்?" என்று பின்வரிசை எழும்பியது. இரண்டு பக்கமும் தாங்கள்தான் வென்றதாக நினைத்து மண்டபம் அதிரக் கைதட்டின. ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்தும் கொண்டன. அன்னபாக்கியம் இதொன்றையும் பார்க்கவில்லை. அவள் தட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னராசாவுக்குச் சந்தோசம் தலைக்கேறிவிட்டது. "அம்மாவை நான் கௌரவிக்கிறதிலும் பார்க்க, ஐயாவே வந்து போர்த்தினால் அது வடிவு! தில்லைநாதன் ஐயா, மேடைக்கு வாங்கோ!"

தில்லைநாதன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. தான் எழுதியதை ஒரு சபை கேட்டது அன்றுதான். நிஷாந்தி தட்டத்தை நீட்டி, மஞ்சளின் பக்கமாகத் திருப்பினாள். அன்னபாக்கியம் வல்லிபுர ஆழ்வாரை நினைத்தாள். அவர் கை மஞ்சளுக்குப் போனது. அதைத் தொட்டது. அப்படியே நின்றது. பிறகு அதை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்ததை எடுத்தது.

"சேர், அது..." என்று நிஷாந்தி தொடங்க, அவர் கேட்கவில்லை. பட்டை உதறி அன்னபாக்கியத்தின் தோளில் போட்டு, இரண்டு பக்கமும் இழுத்துச் சரிசெய்து, ஓரடி பின்னால் போய்ப் பார்த்தார்.

"மஞ்சள் சரிவராது. இந்த நிறம் உமக்கு எடுப்பா இருக்கும்" என்றார், ரகசியம்போல.

படுபாவி மனிதனுக்கு அது எந்தப் பட்டென்று தெரியவில்லை! கொடுத்தபோதும் தெரியவில்லை, எடுத்தபோதும் தெரியவில்லை. ஏசுவதற்கென்று மாதக்கணக்காகச் சேர்த்து வைத்த ஏச்செல்லாம் அன்னபாக்கியத்தின் தொண்டை வரை வந்து, அங்கேயே கரைந்து, கண்ணால் வழிந்தது. கௌரவத்தில் அம்மா நெகிழ்ந்துவிட்டார் என்று அறிவிப்பாளர் சொன்னார்.

திரும்பி வரும்போது ஓட்டோவில் தில்லைநாதன் தோளில் கிடந்த பட்டைத் தடவிப் பார்த்தார். "நல்ல பட்டு. கவனமா மடிச்சு வையும் பாக்கியம், வாற ஞாயிறு இஸ்ஸதீன் மாஸ்டருக்கு ஒண்டு போர்த்தவேணும்" என்றார்.

அன்னபாக்கியம் ஓட்டோவை வீட்டுக்கு விடவில்லை. வழக்கமாகத் தைக்கிற ஹமீமாவின் தையல்கடை வாசலில் நிறுத்தினாள். பட்டைத் தோளில் இருந்து உருவி மேசையில் விரித்தாள்.

"சேலைக்குச் சட்டை தைக்கவேணும் பிள்ளை. இப்பவே வெட்டு."

"அன்ரி, இது பொன்னாடை மாதிரி ஈக்குதே? வெட்டினா பாவமில்லையா?"

பின்னால் ஓடிவந்த தில்லைநாதன் தலையில் கை வைத்தார். "என்ன செய்யிறீர்? உமக்குப் போர்த்தின பொன்னாடையெல்லே!"

"பொன்னாடையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை" என்றாள் அன்னபாக்கியம். "இது நீங்கள் எனக்கு எடுத்துத் தந்தது. ரெண்டு தரம்."

அவர் விளங்காமல் நின்றார். ஹமீமா துணியை நேராக இழுத்து விட்டு, அளவு பார்த்து, கத்தரிக்கோலை எடுத்தவள் மூலையில் நிறுத்தினாள். "இதில ஒரு கறை ஈக்குதே அன்ரி. பழக்கறை. அந்தப் பக்கத்த வெட்டி எறியட்டா?"

தில்லைநாதன் குனிந்து பார்த்தார். கறையை விரலால் தொட்டார். கடற்கரையில் மங்குஸ்தானை நசுக்கிய அதே கை. பெண்சாதியைப் பார்க்க வெட்கப்பட்டு, ஹமீமாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

"எறியாதையும் பிள்ளை. அது முன்பக்கம் வரட்டும்."